விடைபெறும் வேளையில் ஒரு விண்ணப்பம்

பங்குனி எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் எங்கள் பள்ளியில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். முற்றத்து வேம்பு பூக்கும்; பத்தாம் வகுப்பு மாணவியர் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தொடங்குவார்கள். நான்கு ஆண்டுகள் அந்த அழுகையைத் தூர நின்று வேடிக்கை பார்த்தோம். இந்த ஆண்டு முறை எங்களுடையது.

எங்களுடையது பத்தாம் வகுப்போடு நிற்கும் உயர்நிலைப் பள்ளி. மேலே படிக்க வேண்டுமானால் புதுக்கோட்டைக்கோ, ஆலங்குடிக்கோ, அறந்தாங்கிக்கோ, அவரவர் வீட்டார் காட்டும் திசையில் போக வேண்டும். ஆகவே இங்கே விடைபெறுவது என்றால் உண்மையாகவே விடைபெறுவதுதான். ஆண்டு மலரில் பத்தாம் வகுப்புக்கென்று சில பக்கங்களை ஒதுக்கித் தருவது வழக்கம். நினைவுகளைச் சொல்லி, தங்கைமாருக்கு அறிவுரை கூறி, கண்ணீருடன் முடிப்பது மரபு. அந்த மரபை நாங்கள் மீறப்போவதில்லை. ஆனால் கூடவே ஒரு கருத்தையும் சொல்ல விரும்புகிறோம். சிஸ்டர்மாரும் ஆசிரியைகளும் பெற்றோரும் பொறுமையுடன் படிப்பார்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு உண்டு.

முதலில் நினைவுகள்.

மற்ற ஆண்டு மாணவியருக்கு இல்லாத ஒரு பெருமை எங்களுக்கு உண்டு. நாங்கள் ஒருவரையொருவர் அரை முகத்தோடு அறிமுகம் செய்துகொண்டவர்கள்! கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஐந்தாம் வகுப்பைக் கல்வித் தொலைக்காட்சியிலும் அண்ணனின் கைப்பேசியிலும் முடித்துவிட்டு, ஆறாம் வகுப்புக்குப் புதிய பள்ளியில் வந்து நின்றோம். எல்லாருக்கும் முகக்கவசம். கண்ணையும் ரிப்பன் கட்டிய சடையையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டோம். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபோதுதான் முழு முகம் தெரிந்தது. "அடியே, நீதானா அது?" என்று அன்று கேட்டதை நினைத்து இன்றும் சிரிக்கிறோம். பாதி முகத்தில் தொடங்கிய பழக்கம், இப்போது ஒருத்தி தும்மினாலே அது யார் என்று சொல்லிவிடும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

எங்கள் வகுப்பில் கீரமங்கலம் பக்கத்துப் பெண்கள் சிலர் விடியுமுன்பே எழுந்து வீட்டாரோடு மல்லிகைப் பூப் பறித்துவிட்டு வருவார்கள். அவர்கள் பக்கத்தில் இடம் பிடிக்க எங்களுக்குள் போட்டி. வாசனை ஒரு காரணம். அவர்கள் கொண்டுவரும் பலாச்சுளை இன்னொரு காரணம். காலை ஜெபத்தின்போது ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பவர் யார் என்பதை இன்னொரு கண் திறந்திருந்தவர்தான் சிஸ்டரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதை மூன்று ஆண்டுகள் கழித்தே கண்டுபிடித்தோம். வராந்தாவில் ஜெபமாலை மணிகள் உரசும் ஒலி கேட்டவுடன் நாற்பது பேர் கொண்ட சந்தைக்கடை நொடியில் நூலகமாக மாறும் அற்புதத்தையும் எங்கள் வகுப்பில் காணலாம். அறிவியல் செய்முறையில் குவிலென்சைப் பிடித்தபோது முற்றத்து வேம்பு வெள்ளைத்தாளில் தலைகீழாகத் தொங்கியது. "டீச்சர், மரம் சிரசாசனம் செய்கிறது!" என்று ஒருத்தி கூவியதில் அன்றைய குவியத் தூரம் யாருக்கும் சரியாக வரவில்லை.

இப்படிச் சேர்த்த சொத்துகளை அனாதையாக விட்டுப் போக மனமில்லை. ஆகவே நல்ல நினைவோடும், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமலும், ஒன்பதாம் வகுப்புத் தங்கைமார் பெயருக்கு நாங்கள் எழுதி வைக்கும் உயில் பின்வருமாறு:

ஜன்னலோரத்து மூன்றாம் பெஞ்சு, அதில் துருத்தி நிற்கும் ஆணி, அந்த ஆணி இதுவரை கிழித்த பாவாடைகளின் கணக்கு ஆகிய யாவும் உங்களுக்கே.

தேல்ஸ் தேற்றத்தை முழு மனதுடன் விட்டுச் செல்கிறோம். அதன் நிரூபணத்தை எங்களுள் யாரும் எடுத்துச் செல்லவில்லை என்று உறுதி கூறுகிறோம்.

சத்துணவு முட்டையைச் சமமாகப் பங்கிடும் கலையை விட்டுச் செல்கிறோம். மஞ்சள் கரு வேண்டாம் என்பவளையும், வெள்ளைக் கரு வேண்டாம் என்பவளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் வகுப்பில் சமாதானம் நிலவும்.

மாலையில் நடக்கும் சிறப்பு வகுப்பின்போது வரும் கொட்டாவியை, வாய் திறவாமல், மூக்கு விடைக்காமல் விடும் இரகசியத்தை, நல்லொழுக்கத்தில் சிறந்த ஒருவருக்கு மட்டும் சொல்லிக் கொடுப்போம்.

மாதா கெபியைச் சுற்றியுள்ள செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் முறையை மட்டும் விளையாட்டாக அல்ல, உண்மையாகவே ஒப்படைக்கிறோம். அந்தச் செம்பருத்திகள் எங்களை நம்பியிருந்தவை. இனி உங்களை நம்பியிருக்கும்.

உயில் முடிந்தது. இனி எங்கள் கருத்துக்கு வருகிறோம்.

இந்த நாட்களில் வகுப்பில் பாடப்புத்தகங்களைவிட அதிகமாகக் கைமாறுவது ஆட்டோகிராப் நினைவேடுதான். ரோஜா நிறப் பக்கம் யாருக்கு, நீல நிறப் பக்கம் யாருக்கு என்று நெருக்கத்தை அளந்து கொடுக்கிறோம். கைப்பேசியில் ஆயிரம் படம் எடுத்தாலும் கையால் எழுதியதற்கு இருக்கும் மதிப்பு வேறு. அந்த ஏடுகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும் ஒரு வாசகம் உண்டு. எங்கள் அக்காமார் ஏடுகளிலும் அது உண்டு. அம்மாமார் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தியுள்ள பழைய ஏடுகளிலும் உண்டு. "கல்யாணப் பத்திரிகை அனுப்ப மறவாதே!" என்பதுதான் அது.

இதைப் படித்ததும் எல்லாரும் சிரிப்போம். வெட்கப்படுவதுபோல் நடிப்போம். வேடிக்கைதானே, அதில் என்ன தவறு என்று கேட்கலாம். வேடிக்கைக்கு நாங்கள் எதிரிகள் அல்லர் என்பதற்கு மேலே உள்ள உயிலே சாட்சி. திருமணத்துக்கும் எதிரிகள் அல்லர். கல்யாண விருந்தில் எங்கள் வகுப்பினர் காட்டும் வீரத்தை ஊர் அறியும். ஆனால் இந்த வாசகம் வாசிக்கப்படும்போது சிரிக்காத முகங்களும் வகுப்பில் இருப்பதை நாங்கள் கவனித்திருக்கிறோம். அவர்கள் வீட்டில் தேர்வு அட்டவணை வருவதற்கு முன்பே ஜாதகம் எடுத்தாகிவிட்டது. நமக்கு அது கேலி. அவர்களுக்கு அது செய்தி. கேலி என்றால் கேலிக்கு ஆளானவரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை என்றால் அந்தக் கேலியை மூட்டை கட்டி வைப்பதே தோழமைக்கு அழகு.

சென்ற ஆண்டு எங்களைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போன அக்காமாரில் சிலர் ஜூன் மாதம் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை என்று கேள்விப்பட்டோம். ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒருவர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். அவர்கள் தேர்வில் தோற்றவர்கள் அல்லர், நன்றாகத் தேறியவர்கள். எழுதிய நினைவேடுகள் மட்டும் அவர்களிடம் இருக்கின்றன. இதை நினைக்கும்போதுதான் நாம் என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றி யோசிக்கத் தோன்றியது.

நினைவேடு எழுதும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தோம். ஜெர்மனியில் விட்டன்பர்க் நகரத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதைத் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அக்காலத்தில் மாணவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்து, அடுத்த ஊரின் பல்கலைக்கழகத்துக்குப் போவார்கள். போகுமுன் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் ஏட்டில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். புதிய ஊரில் அந்த ஏட்டைக் காட்டினால், இவன் இன்னாரிடம் படித்தவன் என்பதற்கு அதுவே அறிமுகச் சீட்டாகவும் உதவுமாம். இதைப் படித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. மேலே படிக்கப் போகிறவர்களுக்காகப் பிறந்த ஏடு அல்லவா இது! அதில் படிப்பு முடிந்துவிட்டது என்ற பொருளில் எழுதுவது பொருத்தம்தானா?

பத்தாம் வகுப்பு படிப்பின் முடிவு அல்ல. எங்கள் பாட்டிமார் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. அதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்தது. அன்று முதல் பத்தாம் வகுப்பு என்பது பாதி வழியில் வரும் ஒரு நிறுத்தமே. எங்களைப் போன்ற பள்ளிகளில் பஸ் மாற வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பஸ் மாறுவதற்குப் பதிலாக வீடு திரும்பிவிடுகிறார்களே, அதுதான் வருத்தம். அதே 1978ஆம் ஆண்டில்தான் பெண்ணின் திருமண வயதைப் பதினைந்திலிருந்து பதினெட்டாக உயர்த்திச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பு 1929இல் வந்த சாரதா சட்டம் பதினான்கு என்று வைத்திருந்தது. எங்களுக்கு இப்போது வயது பதினைந்து. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது கணக்காகப் பதினேழு, பதினெட்டு ஆகும். படிக்க வேண்டிய ஆண்டுகளும், திருமணம் கூடாது என்று சட்டம் சொல்லும் ஆண்டுகளும் ஒன்றாகவே இருக்கின்றன.

இந்த விஷயத்தில் வழிகாட்ட நாங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண்ணுக்கு இத்தனை படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுத்தார். அந்தக் கல்லூரியில் படித்த முதல் மாணவி அவரே. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914இல் மணம் புரிந்தார். வரிசையைக் கவனியுங்கள்: பட்டம் முதலில், பத்திரிகை பிறகு! பின்னர் சென்னைச் சட்டசபையில் முதல் பெண் உறுப்பினராகி, பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று குரல் கொடுத்தார். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தோன்றவும் அவரே காரணமாக இருந்தார். அவர் கல்லூரியை விட்டு விடைபெற்றபோது ஏட்டில் எழுதித் தர ஒரு தோழிகூட வகுப்பில் இருந்திருக்க மாட்டாள். நாங்களோ நாற்பது பேர் இருக்கிறோம். ஒருத்தி துணைக்கு இன்னொருத்தி இல்லாமல் போகலாமா?

இன்னொரு செய்தியும் நம் மாவட்டத்துக்கே உரியது. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். வயலில் வேலை செய்தவர்கள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று எல்லாரும் கற்றார்கள். அப்போது ஷீலாராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்களாம்! அப்படிக் கற்றுக்கொண்ட அப்பாயிமாரும் அம்மாயிமாரும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் இலவசமாகச் சைக்கிள் தரவில்லை. ஊர் சிரித்ததைப் பொருட்படுத்தாமல் கற்றுக்கொண்டார்கள்.

எங்களுக்கோ வழி எளிதாக்கப்பட்டிருக்கிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் விலையில்லாச் சைக்கிள் தரும் திட்டம் 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கி, 2005 முதல் எல்லாருக்கும் ஆயிற்று. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கி, 2024 இறுதியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. சைக்கிள் பதினொன்றில்தான் தொடங்குகிறது. நடுவில் இருப்பது ஏப்ரல், மே என்னும் இரண்டு மாதங்கள். அந்த இரண்டு மாதங்களில்தான் ஒரு பெண் தொலைந்துபோகிறாள்.

ஆகவே எங்கள் விண்ணப்பம் இதுதான்.

தோழியரே, நினைவேட்டில் கல்யாணப் பத்திரிகையைக் கேட்பதை நிறுத்துவோம். அதற்குப் பதிலாக, ஜூன் மாதம் எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதுவோம். செவிலியர் படிப்பா, பாலிடெக்னிக்கா, கணக்கா, வணிகவியலா என்று கேலி செய்வோம். "ஊசி போடும்போது உனக்கு மயக்கம் வராமல் இருக்க என் ஜெபங்கள்" என்று எழுதினால் அதிலும் சிரிப்பு உண்டு. சிரிப்போடு ஒரு நம்பிக்கையும் உண்டு. மேலும், வகுப்பில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். மேல்நிலைப் பள்ளிகள் திறந்த பதினைந்து நாட்களுக்குள் ஒவ்வொருவரும் எங்கே சேர்ந்தோம் என்று தெரிவிக்க வேண்டும். பெயருக்கு எதிரே இடம் காலியாக இருந்தால், பக்கத்து ஊர்த் தோழியர் மூவர் அந்த வீட்டுக்குப் போய், மோர் வாங்கிக் குடித்துவிட்டு, காரணம் கேட்டு வர வேண்டும்.

எங்கள் அன்பான பெற்றோரே, எங்களை வளர்க்க நீங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். பெண்ணைத் தூரத்துக்கு அனுப்ப அஞ்சுவதும் எங்கள் மீதுள்ள பாசத்தினால்தான். இரண்டே இரண்டு ஆண்டுகள் பொறுத்திருங்கள் என்று கேட்கிறோம். பஸ்ஸுக்குப் பயமா, எங்களில் நான்கு பேரைச் சேர்த்து ஒரே பள்ளிக்கு அனுப்புங்கள். கூட்டமாகப் போவோம், கூட்டமாக வருவோம். பணம்தான் தடை என்றால், முடிவு எடுக்குமுன் ஒருமுறை பள்ளிக்கு வந்து ஆசிரியைகளிடம் சொல்லுங்கள்.

சிஸ்டர் அவர்களே, ஆசிரியைகளே, மாற்றுச் சான்றிதழை எங்கள் கையில் கொடுக்கும்போது, "அடுத்து எங்கே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கி ஒருத்தி காலால் தரையைத் தேய்த்தால், அவளை ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேசுங்கள். உங்களிடம் அடி வாங்காமல் தப்பிக்கப் பொய் சொல்லியவர்களும் இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கைமாரே, ஆணியையும் தேற்றத்தையும் உங்களுக்குத் தந்துவிட்டோம். அடுத்த ஆண்டு இந்தப் பக்கங்கள் உங்களுடையவை. அதில் எங்கள் பட்டியல் என்ன ஆயிற்று என்று நீங்கள்தான் எழுத வேண்டும். எத்தனை பெயர்களுக்கு எதிரே பள்ளியின் பெயர் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

ஐந்து ஆண்டுகள் எழுத்தும் ஒழுக்கமும் தந்து, காய்ச்சல் வந்தபோது கஞ்சியும் தந்த இந்தப் பள்ளிக்கு எங்கள் நன்றி. திட்டியவர்களுக்கு நன்றி; திட்டு வாங்கும்போது கூட நின்றவர்களுக்கு இருமடங்கு நன்றி. எங்கள் நினைவேடுகளில் இன்னும் சில பக்கங்கள் காலியாக இருக்கின்றன. எழுத வருபவர்கள் இந்த வாசகத்தை எழுதினால் மகிழ்வோம்:

"புதுச் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வர மறவாதே!"

பத்திரிகையும் ஒருநாள் வரட்டும். அவசரமில்லை.



பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்,
ஒரு மாணவி